பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறீர்களா?

● கிளிப் போட்ட முதல் சில நாள் வலி இருக்கும். இட்லி, தயிர் சாதம், இடியாப்பம் போன்ற மெத்தென்ற உணவே போதும்.

● முறுக்கு, சீடை, ஐஸ் கட்டி, கடலை மிட்டாயைத் தவிருங்கள், பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடும். ஆப்பிள், கொய்யாவை நறுக்கிச் சாப்பிடுங்கள்.

● ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பல் துலக்குங்கள். கம்பிக்கு அடியில் சிக்கியதை எடுக்க, பல் இடுக்குக்கான சிறிய பிரஷ் உதவும். அழுக்கு தங்கினால், கிளிப்பைக் கழற்றிய பின் பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

● கம்பி முனை கன்னத்தில் குத்தினால் டாக்டர் தந்த மெழுகை அதன்மேல் ஒட்டுங்கள். நீங்களே கம்பியை வெட்டவோ வளைக்கவோ வேண்டாம். புண்ணுக்கு, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளியுங்கள்.

● மாதாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் சிகிச்சைக் காலமும் நீளும்.

● கிளிப்பைக் கழற்றியதும் வேலை முடிவதில்லை. பற்களை நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரைப் போடாவிட்டால் அவை பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். டாக்டர் சொன்ன காலம்வரை தவறாமல் போடுங்கள்.

● ரீடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைக்காமல் அதற்கான டப்பாவில் வையுங்கள், குப்பையோடு போய்விடாது.

● குழந்தைக்கு 7 வயதானதும் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள். தாடை வளரும் பருவத்தில் சில குறைகளை எளிதாகச் சரிசெய்யலாம்.