புற ஊதாக் கதிரைத் தாங்கும் நெல்

வெயில் இல்லாமல் நெல் விளையாது. ஆனால் அந்த வெயிலோடு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் சேர்ந்தே வருகிறது. அதில் 'பி' வகைக் கதிர் அளவுக்கு மிஞ்சினால் தூர் குறையும், இலை பச்சையம் இழக்கும், மணி சிறுக்கும். இக்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் தென் துருவத்தின் மேல் மெலிந்துவருவது 1985இல் வெளியாயிற்று. அதன்பின், இதைத் தாங்கும் இரகம் எது என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது.

ஜப்பானில் செண்டாய் நகரத் தொஹோகு பல்கலைக்கழகத்தார் பல நெல் இரகங்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வளர்த்துப் பார்த்தனர். 1963இல் வெளியான சசானிஷிகி நன்கு தாங்கியது. 1931இல் வெளியான நோரின் 1 வளர்ச்சி குன்றிப்போயிற்று. இத்தனைக்கும் சசானிஷிகி, நோரின் 1க்குப் பேரன் முறை! ஒரே வம்சத்தில் ஏன் இந்த வேறுபாடு?

தடித்த இலைதான் காரணம் என்று நாம் நினைப்போம். உண்மைக் காரணம் வேறு. புற ஊதாக் கதிர் பட்டதும், செடியின் மரபுப் பொருளாகிய நீண்ட சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதைப் பிரித்துச் சீராக்க ஒரு நொதி இருக்கிறது. வெயிலில் உள்ள நீல ஒளியே அது வேலை செய்வதற்குச் சக்தி. அடித்த வெயிலே மருந்தும் போடுகிறது என்று சொல்லலாம். நோரின் 1இல் இந்த நொதி இருக்கிறது, ஆனால் வேலையில் மந்தம். நொதியின் 126ஆம் இடத்தில் சசானிஷிகியில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் உள்ளது. நோரின் 1இல் அங்கே அர்ஜினின். இந்த ஓரெழுத்துப் பிழை போதும், பயிர் சோர்ந்துவிடுகிறது. வங்கப் பகுதியின் ஆஸ் பருவ நெல்லான சூர்யமுகிக்கு இதோடு இன்னொரு மாற்றமும் உண்டு. பெயரில் சூரியன் இருந்தும் அது இக்கதிருக்கு மிகவும் நலிகிறது.

ஆகவே இரகம் உருவாக்குவோர் இலையின் தோற்றத்தை நம்புவதில்லை. தாங்கும் இரகத்தைத் தாங்காததோடு கலந்து, வரும் நாற்றுகளில் நல்ல நொதி உள்ளவற்றை மரபுச் சோதனையால் பொறுக்கலாம். இந்த நொதியைச் செயற்கையாக மிகுவித்த நெற்செடிகள் கூடுதல் கதிரைத் தாங்கின என்றும், குறைத்தவை மேலும் நலிந்தன என்றும் 2007இல் அறிவிக்கப்பட்டது.

நம் வயலுக்கு இதனால் என்ன? வெப்ப நாடுகளில் சூரியன் தலைக்கு மேலேயே நிற்பதால், நம் நெல் தலைமுறை தலைமுறையாக இக்கதிரை மிகுதியாகவே வாங்கி வருகிறது. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோனும் மெல்லத் தேறிவருகிறது. எனவே 'புற ஊதா தாங்கும் விதை' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்போல் பழுப்புப் புள்ளி கண்டால் வெயிலின் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் துத்தநாகக் குறைவாக இருக்கும். அடுத்த பட்டத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து வயலில் சீராகத் தூவுங்கள்.