டைரக்டரியைத் தேடும் முன் ஒரு கேள்வி

“அண்ணா, இந்த டைரக்டரி எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” லினக்ஸ் சர்வர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சீக்கிரமே என்னிடம் கேட்பது இது. “அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். முழுப் பெயர் தெரியுமா, பாதிப் பெயரா, எந்த மென்பொருளுக்கு உரியது என்று மட்டும் தெரியுமா? பதிலைப் பொறுத்துத் தேடும் வழி மாறும்.

முழுப் பெயர் தெரிந்தால்

ஃபைண்ட் கட்டளை போதும். ஆனால் எடுத்த எடுப்பில் ரூட்டிலிருந்து தேடாதீர்கள். லாக், டேட்டாபேஸ் போன்றவை பெரும்பாலும் /வார் அடியில் இருக்கும். அமைப்புக் கோப்புகள் /எட்சியில். தனியாக நிறுவிய மென்பொருள்கள் /ஆப்டில். இடத்தைக் குறுக்கிக்கொண்டு, ‘ஃபைண்ட் /வார் -டைப் டி -நேம் பேக்கப்’ என்று கொடுங்கள். ‘-டைப் டி’ இல்லாவிட்டால் அதே பெயருள்ள ஃபைல்களும் வந்து நிற்கும். மூன்று அடுக்குக்குக் கீழே போக வேண்டாமென்றால் பாதைக்கு அடுத்தபடியாக ‘-மேக்ஸ்டெப்த் 3’ சேருங்கள். ரூட்டிலிருந்துதான் தேடியாக வேண்டுமா? ‘-எக்ஸ்டெவ்’ போட்டால் மவுண்ட் செய்த மற்ற டிஸ்க்குகளுக்குள்ளும் நெட்வொர்க் டிரைவ்களுக்குள்ளும் நுழையாது.

பாதிப் பெயர்தான் தெரிந்தால்

லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் ‘-நேம்’ வேண்டாம், ‘-ஐநேம்’ போடுங்கள். நட்சத்திரக் குறி சேர்க்கும்போது பெயரை மேற்கோளுக்குள் வைப்பது கட்டாயம். இல்லையென்றால் நீங்கள் நிற்கும் டைரக்டரியில் பொருந்தும் பெயர் இருந்தால் ஷெல் அதை முந்திக்கொண்டு நிரப்பிவிடும்; ஃபைண்டுக்குப் போய்ச் சேருவது வேறு கேள்வி.

அவசரமாகத் தேவைப்பட்டால்

லொகேட் கட்டளை நொடியில் பதில் சொல்லும். அது டிஸ்க்கைத் துழாவுவதில்லை, முன்பே தயாரித்த பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியல் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். சற்று முன் உருவான டைரக்டரி வேண்டுமென்றால் சூடோவுடன் ‘அப்டேட்டிபி’யை ஓட்டிவிட்டுத் தேடுங்கள். /டிஎம்பி போன்ற இடங்களைப் பல டிஸ்ட்ரோக்களில் அது சேர்ப்பதே இல்லை.

மென்பொருள் மட்டும் தெரிந்தால்

தேடவே வேண்டாம், கேட்டாலே போதும். டெபியன், உபுண்டுவில் ‘டிபிகேஜி -எல்’ (பெரிய எல்), ரெட் ஹாட் வகைகளில் ‘ஆர்பிஎம் -க்யூஎல்’ என்று பேக்கேஜ் பெயருடன் கொடுத்தால், அது நிறுவிய பாதைகள் எல்லாம் வரிசையாக வரும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் தற்போதைய வொர்க்கிங் டைரக்டரி எது என்பதை, அதன் பிராசஸ் எண்ணுடன் ‘பிடபிள்யூடிஎக்ஸ்’ சொல்லிவிடும்.

“இல்லை” என்று சொல்வதற்கு முன்

இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, அனுமதி. ‘பெர்மிஷன் டினைட்’ வரிகள் தொல்லை என்று ‘2>/டெவ்/நல்’ போட்டு மறைப்போம். அந்த வரிகள் வந்த இடங்களுக்குள் ஃபைண்ட் நுழையவே இல்லை என்ற செய்தியும் சேர்ந்தே மறைந்துவிடும். ஒருமுறை சூடோவுடன் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, சிம்லிங்க். இன்றைய டிஸ்ட்ரோக்களில் /வார்/ரன் என்பது /ரன் டைரக்டரிக்கான சிம்லிங்க். ‘-டைப் டி’ போட்டு /வாரில் தேடினால் அது சிக்காது. ‘ஃபைண்ட் -எல் /வார்’ (இதுவும் பெரிய எல்) என்று தொடங்கினால்தான் சிக்கும்.

கடைசியாக ஒன்று. ஃபைண்டில் ‘-டெலிட்’ என்றொரு வசதி உண்டு. கட்டளையில் ‘-நேம்’ போன்ற நிபந்தனைகளுக்கு முன்னால் அதை வைத்துவிட்டால், தொடங்கிய இடத்துக்குக் கீழே உள்ள அத்தனையையும் அழிக்கத் தொடங்கிவிடும். எனவே முதலில் தேடுங்கள், வந்த பட்டியலை வரி வரியாகப் படியுங்கள், அழிப்பதைப் பிறகு யோசியுங்கள்.