மூன்று நாள் லீவில் ஊருக்கு வரும் மருமகளுக்கு

திண்டுக்கல்

அன்புள்ள மருமகளுக்கு,

அடுத்த மாதம் நீ பெங்களூரிலிருந்து மூன்று நாள் லீவில் வருவதாக அக்கா சொன்னாள். சொல்லும்போதே உன் மூன்று நாளையும் பங்கு பிரித்துவிட்டாள். எந்த வீட்டில் காலைப் பலகாரம், எந்த வீட்டில் மதியச் சாப்பாடு, யார் வீட்டுக்குப் போகாவிட்டால் யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பட்டியலை நானும் பார்த்தேன். அதன்படி நடந்தால் எல்லா வீட்டிலும் காபி குடித்திருப்பாய். யாரோடும் பேசியிருக்க மாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். அக்காவிடம் காட்டாதே.

முதலில் தேதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்கள் வரட்டும், நீ சாதாரண நாளில் வா. பண்டிகையில் வீட்டுப் பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. ஆண்கள் வந்தவர்களை வரவேற்பதிலேயே களைத்துப் போகிறார்கள். டிக்கெட்டும் கிடைக்காது. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் தொடங்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்கள். பண்டிகை டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். சாதாரண வாரத்தில் மைசூர்–தூத்துக்குடி வண்டியிலோ நாகர்கோவில் வண்டியிலோ ஏறினால் கரூர் வழியாகப் பொழுதோடு வந்து இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பாதே. பட்டறையும் கடையும் நடக்கிற ஒரு நாளாவது உன் கையில் இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வந்ததும் முதலில் துக்க வீட்டுக்குப் போ. நீ ஊரில் இல்லாதபோது காலமான உன் சின்னப் பாட்டி வீட்டைச் சொல்கிறேன். போனில் விசாரித்தாய் என்பது அங்கே கணக்கில் வராது. நேரில் வரவில்லை என்பதைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். கையில் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோகாதே. கிழமை பார்ப்பவர்கள் உண்டு, அம்மாவிடம் கேட்டுக்கொள். கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று வாய் தவறியும் சொல்லாதே. எழுந்து, தலையசைத்து, நடந்துவிடு. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் வீட்டில் போய் வாதாட வேண்டியதில்லை.

மற்ற வீடுகளுக்கு வருவோம். ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன் தாயி’ என்பார்கள். அதோடு பேச்சு முடிந்தது. பிறகு அவர்கள் உன் சம்பளத்தையும் கல்யாணத்தையும் விசாரிக்கத் தொடங்குவார்கள், நீ செல்போனை எடுப்பாய். இதற்கு மாற்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வியோடு போ. அவர்கள் கையால் செய்த வேலையைப் பற்றிய கேள்வியாக இருக்கட்டும்.

உன் பெரியப்பாவை எடுத்துக்கொள். வாழ்நாள் முழுக்கப் பூட்டுப் பட்டறையில் இருந்தவர். குடும்ப விசேஷங்களில் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அவரிடம் போய், ‘பெரியப்பா, ஒரு பூட்டுக்குள்ள எத்தனை லீவர் வைப்பீங்க, எதுக்கு?’ என்று கேட்டுப் பார். அப்புறம் அவரை நிறுத்த முடியாது.

பூட்டின் உள்ளே தகடு தகடாக லீவர்கள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா லீவர்களின் வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் உள்ளே இருக்கும் தண்டு நகரும். ஒரு லீவர் மயிரிழை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பூட்டு அசையாது. லீவர் கூடக் கூடக் கள்ளச் சாவிக்காரனுக்கு வேலை கூடும். நம் ஊர் மாங்காய்ப் பூட்டில் இந்த வெட்டையும் சாவிப் பல்லையும் அரம் போட்டுக் கையாலேயே தேய்த்துச் சரிபார்ப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூட்டுக்குச் சாவி ஒன்றாக இருக்காது. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் தந்திரப் பூட்டுகளைப் பற்றியும் கேள். அதில் பாதி தொழில்நுட்பம், பாதி கதை; எது எது என்று பிரிப்பது உன் பாடு.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டாங்கிச் சேலைக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த அதே மாதம். நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் குறியீடு கிடைத்ததால் பட்டறைக்கு இளைஞர்கள் வந்துவிடவில்லை. அலிகாரிலிருந்து மிஷினில் செய்த பூட்டு மலிவாக வந்து குவிகிறது. நாள் முழுக்க அரம் பிடித்தாலும் கைக்கு வருகிற கூலி குறைவு. பெரியப்பாவின் பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. நாகல் நகர்ப் பக்கம் இன்னும் வேலை நடக்கிற பட்டறை ஒன்றுக்கு உன்னைக் கூட்டிப்போகச் சொல்லி அவரிடம் கேள். ஞாயிற்றுக்கிழமையை நம்பாதே என்றது இதற்குத்தான்.

உன் அப்பத்தாவிடம் வேறு கேள்வி. 1973 மே மாத இடைத்தேர்தலைப் பற்றிக் கேள். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்றார். அந்தச் சின்னத்தில் அந்தக் கட்சி முதன்முதலில் நின்றது நம் தொகுதியில்தான். ஆளுங்கட்சியாக இருந்த திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. இது புத்தகத்தில் இருக்கிறது. அப்பத்தாவும் தெருப் பெண்களும் ஓட்டுப் போடக் கிளம்பிய கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளுக்கு இப்போது நேற்று நடந்தது மறந்துபோகிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தியது மறக்கவில்லை. பேசும்போது போனில் பதிவு செய்ய நினைத்தால் கேட்டுவிட்டுச் செய். பழைய போட்டோ எடுத்துக் காட்டினால், யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடு. பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும்.

அத்தை வீட்டில் கேள்வியோடு கொஞ்சம் வேலையும் உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தவள்; பி.எஃப். பென்ஷன் வாங்குகிறாள். 2014 செப்டம்பர் முதல் அதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்கும் வருடம் ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை மெஷின் பல சமயம் ஏற்பதில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நவம்பர்தான் என்றில்லை, இந்தப் பென்ஷனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். ஆதாரும் பென்ஷன் ஆணை எண்ணும் எடுத்து வைக்கச் சொல். நீ வாங்கி வரும் எந்தப் புடவையும் அவளுக்கு இந்த அளவு உதவாது.

பழைய சிநேகிதிகளைப் பார்ப்பதில்தான் உன் வயதுக்காரர்கள் தப்புச் செய்கிறார்கள் என்பேன். வந்ததும் வாட்ஸ்அப்பில் ‘எல்லாரும் பிரியாணிக் கடைக்கு வாங்க’ என்று செய்தி போடுவது. வெளியூரில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள், ஊரிலேயே இருப்பவள் வரமாட்டாள். உனக்கு லீவு என்றால் அவளுக்கும் லீவா? தலப்பாகட்டி 1957-ல் இங்கே தொடங்கியது உண்மைதான், ஆனால் சீரகச் சம்பாப் பிரியாணி உன் பெங்களூரிலேயே கிடைக்கிறது. பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் உன் பள்ளித் தோழி அங்கே கிடைக்கமாட்டாள். மதியம் கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து நீயே போய் உட்கார். அவள் காஜா எடுத்துக்கொண்டே பேசட்டும். அவளுடைய அத்தா தோல் தொழிற்சாலையில் இருந்தவர். பதனிடும் வேலையைப் பற்றியும், அந்தக் கழிவு நீரால் சுற்றியுள்ள கிணறுகள் கெட்ட கதையைப் பற்றியும் அவர் ஒளிக்காமல் சொல்வார். பக்கத்துப் பள்ளிவாசலில்தான் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை இருக்கிறது. பேகம்பூர் என்ற பெயர் அந்த அம்மையாரால் வந்தது. ஹைதர் 1755-ல் மைசூரின் படைத் தலைவராக நம் ஊருக்கு வந்து வளர்ந்தவர். அதே மைசூர்ப் பக்கத்திலிருந்துதான் நீயும் ரயிலேறுகிறாய்.

மலைக்கோட்டைக்குப் போக வேண்டும் என்றால் வெயில் ஏறுமுன் போய்வந்துவிடு. 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. அது எங்கும் போகாது. அடுத்த முறையும் பார்க்கலாம். பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வேண்டாம்’ என்றால் வருத்தப்படுவார்கள், வாங்கிக் குடித்துக்கொண்டே போனால் உன் வயிறு தாங்காது. ‘அரை டம்ளர் போதும் அத்தை’ என்று முந்திக்கொள். தண்ணீரைப் பற்றியும் ஒன்று: சில தெருக்களில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் குடம் நிரப்பி வைத்திருப்பார்கள். துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு வந்து இறங்காதே.

இதற்கெல்லாம் மூன்று நாள் பற்றாது என்று உனக்கே தெரிந்திருக்கும். அதனால் பட்டியலில் பாதி வீட்டை இந்த முறை விட்டுவிடு. விட்ட வீட்டுக்காரர்களிடம் போனில் நேராகச் சொல்: ‘இந்தத் தடவை வரல சித்தி, அடுத்த தடவை முதல்ல உங்க வீடுதான்.’ ஓடிப் போய் வாசலில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதைவிட இது மரியாதை. என் வீட்டையும் விட்டுவிடலாம். நான் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறேன், லீவர் கதையை நானும் முழுசாகக் கேட்டதில்லை.

டிக்கெட் போடும்போது ஒரு திங்கட்கிழமையையும் சேர்த்துப் போடு. பெரியப்பாவிடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை; பட்டறை பார்க்க வருகிறேன் என்று நீயே அவருக்குப் போன் செய்து சொல்.

அன்புடன்,
உன் தாய்மாமன்