கரை சேர்ந்துட்டேன் என்று சொல்லுங்கள்

கடல் கடந்து சென்னைக்கு ஒரு செமஸ்டர் படிக்க வந்து, களப்பணிக்காகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் தங்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் இந்தக் கரையில் பிறந்தவன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போன்றவர்கள் எங்கள் வீடுகளில் சாப்பிட்டு, எங்கள் படகுகளில் ஏறி, நோட்டுகளை நிரப்பிக்கொண்டு போனதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஓர் ஊருக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். எப்படிக் கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தச் சில வார்த்தைகள்.

1. வந்த அன்றே போகும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.
"டிசம்பர் வரைதான் இருப்பேன்" என்று முதல் நாளே சொன்னால், வீட்டார் அதற்கேற்ப மனதைப் பழக்கிக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் பெட்டியைக் கட்டும்போதுதான் தெரிகிறது என்றால், குழந்தைகள் உங்கள்மேல் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

2. பாடு முறையைப் பார்த்து, விடைபெற நாள் குறியுங்கள்.
ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. தன் முறை வந்தால் அன்றைக்குப் போயே ஆக வேண்டும். விட்டால் அந்த வருமானம் போனதுதான். இரவெல்லாம் தண்ணீரில் நின்றவரைக் காலையில் எழுப்பி விடைபெறாதீர்கள். மீன் கூடையோடு சந்தைக்கு ஓடும் அம்மாவை வழியில் நிறுத்தாதீர்கள். சாயங்காலம் போங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அது அவர்களுக்குக் கூலி போன நாள். அன்றைக்கு விருந்து எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

3. "வரேன்" என்ற சொல்லை அளந்து சொல்லுங்கள்.
எங்களில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்போம். முதல் வாரத்திலேயே நீங்களும் கற்றுக்கொள்கிறீர்கள். அந்த "வரேன்" எங்கள் காதில் எவ்வளவு கனமாக விழுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு மாணவி, தான் தங்கியிருந்த வீட்டு ஆயாவிடம் "பொங்கலுக்குக் கண்டிப்பா வரேன் ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் வந்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆயா நல்ல இறாலாகப் பொறுக்கிக் காயவைத்து, பானையில் போட்டு வாயைக் கட்டி வைத்தார். பொங்கல் போயிற்று, சித்திரையும் போயிற்று. ஒரு நாள் மருமகள் அந்தக் கருவாட்டை எடுத்துக் குழம்பு வைக்கப் போனபோது, "அதுல கை வைக்காதே, அந்தப் புள்ளைக்கு வச்சிருக்கேன்" என்றார். இது எனக்குத் தெரிந்திருந்தும் அந்த மாணவிக்கு ஒரு கடிதம் எழுதாமல் இருந்துவிட்டேன். அந்தக் குறை இன்னும் என் மனதில் உண்டு.

வர முடியுமா என்பது உறுதியில்லை என்றால், "எப்ப வருவேன்னு தெரியல ஆயா, மாசம் ஒரு தடவை பேசுவேன்" என்று சொல்லுங்கள். தாங்கிக்கொள்வார்கள். கடலை நம்பி வாழ்கிறவர்கள் "தெரியல" என்ற பதிலோடு தினமும் குடித்தனம் செய்கிறவர்கள்.

4. எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.
2004 சுனாமிக்குப் பிறகு கேள்வித்தாளோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. என்ன எழுதினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஊராரை உட்காரவைத்து, கண்டறிந்ததைத் தமிழில் சொல்லுங்கள். மீன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். வரைபடம் வரைந்திருந்தால் ஒரு பிரதி கொடுங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியின் உயிரினங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். தேசியப் பல்லுயிர் ஆணையம் அந்த ஆய்வை 2006இல் வெளியிட்டது. உங்களுக்கு ஒரு செமஸ்டர்தான். அதற்குள் கற்றதை உள்ளபடி ஒப்படைத்தால் போதும்.

5. படத்தை அச்சிட்டுக் கொடுங்கள்.
ஒரு வீட்டுக்கு மட்டும் விலை உயர்ந்த பொருளைக் கொடுத்தால், நீங்கள் போன பிறகு அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வரும். போட்டோ அப்படியல்ல. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஒரு மாணவன் படமெடுத்து, சட்டமிட்டுக் கொடுத்தான். இரண்டு ஆண்டு கழித்து அவர் இறந்தபோது, வீட்டில் அவருக்கு இருந்த ஒரே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் மாலை போட்டு விளக்கேற்றுவது அந்தப் படத்துக்குத்தான்.

6. பாக்கி வைக்காதீர்கள்.
டீக்கடை, மளிகைக் கடை, படகுக் கூலி, இரவல் வாங்கிய சைக்கிள். கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களாகவே போய் முடியுங்கள்.

7. யாரையும் விட்டுவிடாதீர்கள்.
முதலில் ஊர்ப் பெரியவர்கள், பிறகு தங்கிய வீடு. அதோடு நிறுத்தாதீர்கள். படகும் வலையும் இல்லாமல் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் உங்களுக்குப் பதில் சொன்னவர்கள். பனை ஓலையில் கூடை முடையும் ஜமீலாபாத் பெண்களும் அப்படித்தான். உங்களோடு மனத்தாங்கல் வந்த ஒருவர் இருந்தால், அவர் வீட்டுக்குக் கட்டாயம் போங்கள்.

8. உங்களால் முடியாததை ஒப்புக்கொள்ளாதீர்கள்.
முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோகிறது, துறைமுகங்கள் வந்து கரை மாறுகிறது என்று சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல சொல்லுப்பா" என்பார்கள். "சொல்லிப் பார்க்கிறேன்" என்று தலையாட்டினால், அடுத்த பருவமழை வரை காத்திருப்பார்கள். "நான் மாணவன். உள்ளபடி எழுதுவேன், என் ஆசிரியரிடம் காட்டுவேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

9. கடைசி நாள் டச்சுக் கல்லறைக்குப் போய் வாருங்கள்.
டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு நிற்கிறது. ஊர் திரும்பாதவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன. அவர்கள் எழுதிய கடிதம் வீடு போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் எழுதியவர் இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. உங்கள் குரல் ஒரு நொடியில் வந்துவிடும். பேசாமல் இருக்க உங்களுக்குக் காரணமே இல்லை.

10. போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள்.
கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம். கேட்டால் சகுனத் தடை. கிளம்பும்போது பேச்சு குறைவு. படகு திரும்பும் நேரம் தப்பினால்தான் கரையில் கூட்டம் கூடும். கடைசிப் படகு தெரியும்வரை யாரும் கலைய மாட்டார்கள். ஆகவே பொன்னேரி பஸ் ஏறும்போது அழுகை வந்து சரியாகப் பேச முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் ஊரில் விமானம் இறங்கியதும், அங்கே எத்தனை மணியானாலும் சரி, நீங்கள் தங்கிய வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "கரை சேர்ந்துட்டேன் ஆயா" என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் இங்கே ஒருவர் பாயை விரிப்பார்.