கமக்காரரும் கடனும்: கையொப்பம் இடுமுன் அறியவேண்டியவை

காலபோகத்துக்கு உழவு தொடங்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கமக்காரர் கையிற் காசு இருப்பது அரிது. அறுவடையோ தை, மாசியிலேயே வரும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு முதலிய தீவுகளில் நெல் மழையை நம்பிய பயிராகும். மழை பொய்த்தால் விளைவு குறையும், கடன் குறையாது. ஆதலாற் கடனின் வகையையும் அதனை ஆளும் சட்டத்தையும் முன்னரே அறிதல் நன்று.

1. வாக்குறுதிச் சீட்டு: தனியார் ஒருவர் ரூபா 1,00,000 எனச் சீட்டெழுதி, ரூபா 15,000ஐ முன்வட்டியாகக் கழித்து, 85,000 மாத்திரம் கொடுப்பதுண்டு. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டத்தின்படி, உண்மையிற் கொடுத்த முதல், முன்னரே கழித்த தொகை, ஆண்டு வட்டி வீதம் ஆகிய மூன்றும் சீட்டிற் காணப்படல் வேண்டும். வெறுஞ்சீட்டில் ஒருபோதும் கையொப்பம் இடற்க.

2. ஈடு: காணி கமக்காரரிடமே இருக்கும், வட்டி காசாகச் செலுத்தப்படும்.

3. ஒற்றி: 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் இடம்பெற்ற பழைய முறை இது. கடன்கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். முதலைக் கொடுத்துக் காணியை மீட்கலாம். வட்டியில்லாக் கடன் என எண்ணுதல் தவறு. ரூபா 2,00,000க்கு ஒற்றிவைத்த வயல், செலவு போக ஆண்டுக்கு 40,000 தருமாயின், வட்டி நூற்றுக்கு 20 ஆகின்றது.

4. நிபந்தனை அறுதி: இது மிக்க அவதானத்துக்குரியது. தவணைக்குள் மீட்காவிடிற் காணியே கைமாறிவிடும். ஈடு என்று சொல்லி அறுதி உறுதி எழுதுவிப்பாரும் உளர். உறுதியை முற்றாக வாசிப்பித்துக் கேளுங்கள்.

காணி பற்றிய இவ்வுடன்படிக்கைகள், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படல் வேண்டும். வாய்ப்பேச்சும் கைக்கடிதமும் போதா.

ஈட்டுக் கடனோ நிபந்தனை அறுதியோ தீர்க்கவியலாது போனால், 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். தவணை முடியும்வரை காத்திராது, நெருக்கடி தெரிந்தவுடனேயே விண்ணப்பித்தல் வேண்டும்.

கமக்காரர் நினைவிற் கொள்ளவேண்டியவை:

அ. கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுப் பெறுக.
ஆ. கடன் தீர்ந்ததும் சீட்டை மீளப்பெறுக. ஈடும் ஒற்றியும் மீட்கப்பட்டதைக் காணிப் பதிவகத்திற் பதிவுசெய்விக்குக.
இ. பயிர்க்கடனைக் கலியாணச் செலவுக்குத் திருப்பற்க.
ஈ. கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் விசாரித்த பின்னரே தனியாரை நாடுக.

விதைக்குமுன் மண்ணைப் பார்க்கும் கமக்காரர், கடன்படுமுன் உறுதியையும் அவ்வாறே பார்ப்பாராக.