விரைவுக் காருக்கு எந்த டயர்? அனைத்துப் பருவ டயரும் குளிர்கால டயரும்

வாகனக் கடன் பெற்றுப் புதிய கார் வாங்கும்போது, எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு, 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடிகளில் எட்டும் என்பவற்றையெல்லாம் நாம் ஆர்வத்துடன் கேட்டறிகிறோம். அந்த வேகத்திலிருந்து கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்பவர் சிலரே. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது சாலையைப் பற்றியிருக்கும் டயரே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டுமே சாலையைத் தொடுகிறது. பல இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வாகனமும் அதனுள் இருக்கும் உயிர்களும் அந்த நான்கு உள்ளங்கை இடங்களையே நம்பியுள்ளன.

மணாலிக்கு அருகே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் குளிர்கால மாதங்களில் ரோதாங் கணவாய் மூடப்பட்டு, லாஹௌல் பள்ளத்தாக்கு தனித்து நின்றது. இன்று சமவெளியிலிருந்து புறப்படும் கார்கள் பனிக்காலத்திலும் அப்பள்ளத்தாக்கை அடைகின்றன. சுரங்கத்தினுள் உலர்ந்த தார்ச்சாலை. அதன் மறுவாயிலில், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், உறைபனி படிந்த சாலை. தில்லியின் விரைவுச்சாலைக்கு ஏற்ற டயர் அங்கே என்ன ஆகும் என்பதே நம் கேள்வி.

மூவகை டயர்கள்

வேகத்துக்கெனச் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலானவை கோடைகால டயர்களுடன் வருகின்றன. வெப்பமான சாலையிலும் மழையிலும் இவற்றின் பிடிப்பு சிறப்பானது. ஆனால் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இவற்றின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அழுந்தாது, பிடிப்புக் குறைகிறது. பனி விழாத குளிர்ந்த காலையிலும் கார் வழுக்குவதற்கு இதுவே காரணம்.

குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகிய தன்மையுடன் இருக்குமாறு கலக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியவை போன்ற மெல்லிய கீறல்கள் நிறைந்திருக்கும். டயர் சுழலும்போது இக்கீறல்களின் விளிம்புகள் பனியைப் பற்றுகின்றன. இதே டயரைச் சென்னையின் வெயிலில் ஓட்டினால் ரப்பர் குழைந்து விரைவில் தேயும். திருப்பங்களில் காரின் உறுதியும் குறையும்.

அனைத்துப் பருவ டயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வெயிலில் கோடைகால டயருக்கும் பனியில் குளிர்கால டயருக்கும் அது ஈடாகாது; மிதமான நிலைகளில் இரண்டின் பணியையும் ஓரளவு செய்யும். இவற்றை வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பார்த்தல் வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ என்னும் எழுத்துகள், சேறும் பனியும் கருதி அமைத்த டயர் என்று தயாரிப்பாளர் அறிவிப்பதை மட்டுமே குறிக்கும். மூன்று சிகரங்களுடைய மலையும் அதனுள் பனித்துகளும் கொண்ட சின்னம், பனியில் குறித்த அளவுச் சோதனையில் அந்த டயர் தேறியதைக் காட்டுகிறது. 2010 முதல் குளிர்காலச் சாலை நிலைகளில் அதற்கேற்ற டயரைக் கட்டாயமாக்கியுள்ள ஜெர்மனி, இப்போது இந்த மலைச் சின்னம் உள்ள டயர்களையே ஏற்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம்.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் பிரேக்கை முழுதும் அழுத்துவதாகக் கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 எனில், கார் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அது 0.2 ஆகக் குறைந்தால் 49 மீட்டர் தேவை. நல்ல டயரால் அதே பனியில் 0.3 கிடைத்தால் 33 மீட்டர் போதும். இடையிலுள்ள 16 மீட்டர், மலைப்பாதையின் ஒரு வளைவில், சாலைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம். வேகம் இரு மடங்கானால் இத்தூரங்கள் நான்கு மடங்காகும்.

“எங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்கிறதே” என்று சிலர் ஆறுதல் கொள்வர். அவ்வசதி கார் கிளம்பவும் ஏறவும் உதவும், நிற்பதற்கு உதவாது. ஏ.பி.எஸ். அமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுத்து, திருப்பும் ஆற்றலைக் காக்கும். இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க இயலாது.

யாருக்கு எது?

தென்னிந்தியாவிலோ மும்பை போன்ற கடலோர நகரிலோ வாழ்வோர் இவ்விரு டயர்களுக்கும் பணம் செலவிட வேண்டியதில்லை. காருடன் வந்த வகையே அவர்களுக்குப் போதும். ஆண்டுக்கொரு முறை பனி காணச் செல்பவர், சொந்தக் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அப்பாதையில் பழகிய ஓட்டுநருடன் உள்ளூர் வாகனத்தை அமர்த்திக்கொள்வதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

தில்லி, சண்டிகர் பகுதிகளில் ஜனவரி இரவுகள் 7 டிகிரியை ஒட்டியும் பகல்கள் 20 டிகிரியை ஒட்டியும் இருப்பது வழக்கம். அங்கிருந்து குளிர்காலத்தில் அடிக்கடி சிம்லா போன்ற மலையூர்களுக்குச் செல்வோருக்கு, மலைச் சின்னம் பெற்ற அனைத்துப் பருவ டயர் தகுந்த தேர்வு.

ஸ்ரீநகர், மணாலி, லே ஆகிய இடங்களில் வசிப்போரின் நிலை வேறு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள்கள் நீளும் ‘சில்லை கலான்’ கடுங்குளிரில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்கிறது. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால டயர், பிற மாதங்களில் கோடைகால டயர் என இரு தொகுதிகள் வைத்துக்கொள்வதே முறை.

இரட்டைச் செலவா?

இரண்டு தொகுதி என்றதும் செலவும் இரு மடங்கு என்று தோன்றும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தொகுதியின் விலை 80,000 ரூபாய் என்றும், அது 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும், ஆண்டில் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்றும் கொள்வோம். ஒரே தொகுதியானால் ஆண்டுச் செலவு 24,000 ரூபாய். இரு தொகுதிகளில், கோடைகால டயர் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடி 5 ஆண்டுகள் வரும்; ஆண்டுச் செலவு 16,000 ரூபாய். குளிர்கால டயர் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரே ஓடும். எனினும் ரப்பர் முதுமையடைவதால் 6 ஆண்டுகளில் மாற்றுவோம் எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,300 ரூபாய். ஆக மொத்தம் 29,300 ரூபாய். கூடுதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,300 ரூபாயே. சக்கரங்களின் விலையும் மாற்றும் கூலியும் இதனுடன் சேரும்.

சுமை தருவது தொடக்கத்தில் ஒருசேரக் கொடுக்கும் தொகைதான். மாதம் 3,300 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டு வந்தால் 24 மாதங்களில் வட்டியுடன் அத்தொகை சேர்ந்துவிடும். கடன் அட்டையில் வாங்கி வட்டி கட்டுவதைவிட இது நன்று.

வாங்கும்போது கருத வேண்டியவை

விரைவுக் கார்களின் டயர்கள் அகலமானவை. பனியில் சற்றே குறுகிய டயர் கூடுதலாக அழுந்திப் பிடிக்கும். ஆயினும் கார்க் கையேட்டில் அனுமதித்த அளவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

225/45 ஆர் 17 91 டபிள்யூ என்று டயரில் இருந்தால், 91 என்பது 615 கிலோ சுமைத் திறன். டபிள்யூ என்பது 270 கிலோமீட்டர் வேக வரம்பு. குளிர்கால டயர்களில் டி போன்ற குறைந்த எழுத்து இருக்கலாம். அதன் வரம்பு 190 கிலோமீட்டர். சுமை எண் மட்டும் குறையலாகாது.

நான்கு டயர்களையும் ஒருசேர மாற்றுக. முன்சக்கரங்களில் மட்டும் குளிர்கால டயர் பொருத்தினால், வளைவில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழலக்கூடும்.

வெப்பநிலை 20 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. இறங்கும், மலையேறியபின் டயர் குளிர்ந்திருக்கும் வேளையில் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். நம் விதிகளின்படி டயர்ப் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். ஆனால் பனியில் அது போதாது. ஆஸ்திரியா குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கேட்கிறது.

பனிக்கட்டியாக உறைந்த சாலையில் குளிர்கால டயரும் வழுக்கும். குல்மார்க் செல்லும் பாதை போன்றவற்றில் பனி பொழிந்தபின் சக்கரச் சங்கிலி பூட்டிய வாகனங்களையோ நான்கு சக்கர இயக்க வாகனங்களையோ மட்டுமே அனுமதிப்பது வழக்கம். தாழ்ந்த, அகல டயர்க் கார்கள் சிலவற்றில் சங்கிலி பூட்ட இடமிராது. இதையும் கையேட்டில் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்கால டயர்கள் நம் நாட்டில் எல்லா அளவுகளிலும் உடனே கிடைப்பதில்லை. ஆகவே பனிக்காலத்தில் மலைச்சாலையில் ஓட்டுவோர் செப்டம்பரிலேயே டயர்க் கடையில் சொல்லி வைத்தல் நலம். எஞ்சினின் திறனைக் கொண்டு டயரைத் தேர்வு செய்வதைவிட, நாம் வழக்கமாக ஓட்டும் சாலையின் மிகக் குளிர்ந்த நாளைக் கொண்டு தேர்வு செய்வதே அறிவுடைமை.