நாய்க்குட்டிக்கும் ஒரு வீடு



ஐப்பசி மழையில் எங்கள் தெரு தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. மூன்று குட்டி மழையிலேயே செத்துப் போச்சு. மீதி இரண்டையும் சாக்கில் போட்டு நகரி பக்கம் விட்டுடலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பெட்டைக் குட்டியை நாம் வளர்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "தம்பியைக் கடிச்சா யார் பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

1. தத்தெடுப்பது எப்படி?

1959-ல் சென்னையில் பெருமழை. விமானி கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து காப்பாற்றினார். அவரும் அவர் மனைவி உஷா சுந்தரமும் தொடங்கிய அமைப்புதான் ப்ளூ கிராஸ். உஷா அம்மையாரும் விமானி! கிண்டியில் இருக்கும் இந்த அமைப்பு அடிபட்ட, கைவிடப்பட்ட பிராணிகளுக்கு வைத்தியம் செய்து, நல்ல வீடு கிடைத்தால் தத்துக் கொடுக்கிறது. சென்னையில் உள்ள என் சித்தி அப்படித்தான் ஒரு நாய் கொண்டு வந்தாங்க. "வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்களாம்.

2. கருத்தடை ஏன்?

நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாள்தான். வருஷத்துக்கு இரண்டு முறைகூட குட்டி போடும். முன்பு சென்னையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். அப்படியும் நாய்கள் குறையவில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று ப்ளூ கிராஸ் 1964-லிருந்து சொல்லி வந்தது. 1996-ல் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது.

3. வெறிநோய்

இந்த நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் முன்பே தடுக்கலாம். லூயி பாஸ்டர் உருவாக்கிய இதற்கான ஊசி 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அவர் இறந்த செப்டம்பர் 28-தான் உலக வெறிநோய் தினம்.

நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ:
* சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.
* சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கக் கூடாது.
* அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும்.
* வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கவே கூடாது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம் போட வேண்டும்.

இதை எல்லாம் நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தறியிலிருந்து வரும்போது குட்டியைக் கையில் தூக்கி வந்தார். "ஊசி போடுற தேதியை காலண்டர்ல குறிச்சு வை" என்றார். ஆயாதான் "மணி" என்று பெயர் வைத்தாங்க. தாய் நாய்க்குக் கருத்தடை செய்ய கால்நடை டாக்டரிடம் கேட்கப் போகிறோம். இல்லாவிட்டால் அடுத்த மழையிலும் இதே கதைதான்.

இன்னொரு குட்டி இன்னும் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆண் குட்டி, செம்பழுப்பு நிறம், பால் மறந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். ஆசைக்கு மட்டும் கேட்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதற்குச் சோறு வைக்க வேண்டும்.



- 9-ஆம் வகுப்பு மாணவி